எடுக்காத பர்மிட்

அன்புள்ள அப்பாவுக்கு,

குன்னூரில் மழை விட்டதா? உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஜப்பானில் நான் நன்றாகவே இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

நான் கிளம்பிய அன்று, "ஏம்ப்பா, அங்க வண்டி ஓட்ட இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்துட்டியா?" என்று கேட்டீர்கள். "எடுத்துட்டனுங்கப்பா" என்றேன். அது பொய். எனக்காக நீங்கள் ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் வாங்கி வந்த படிவத்தை நான் நிரப்பவே இல்லை.

போன வாரம் என்னுடன் வேலை செய்யும் மனிஷாவின் கணவருக்குப் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்; அவர் முந்தின நாளே அங்கே சேர்ந்துவிட்டார். "நான் கார் எடுத்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன், மலை ரோட்டுல ஓட்டிப் பழகினவன்" என்று எல்லார் முன்னாலும் பெருமையடித்தேன். வாடகைக் கார் கவுன்டரில் பாஸ்போர்ட்டும் லைசென்ஸும் கொடுத்தேன். பர்மிட் கேட்டார்கள். இல்லை என்றதும், தவறு தன்னுடையதுபோல கவுன்டரில் இருந்த பெண் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்லீங்கண்ணா, பஸ்ல போய்க்கறேன்" என்றாள் மனிஷா. நானும் கூடப் போனேன். நாங்கள் சேர்வதற்குள் அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை பேச அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. இப்போது அவர் நலம். நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கூசுகிறது.

முடிந்தால் இரண்டு பாக்கெட் ஊட்டி வர்க்கி பிஸ்கட் அனுப்புங்கள், ஒன்று அவர்களுக்கு. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே எடுத்துத் திட்டுங்கள். இங்கே என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

உங்கள் மகன்,
கீர்த்திவாசன்