உன் பக்கத்தில் 'வென்றவர்' இல்லை

தம்பி,

இன்று காலை கடை திறந்ததும் உன் மஞ்சள் காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். எண்ணூர் கன்டெய்னர் யார்டில் இரைச்சல் தாங்காமல் நீ போட்டிருந்தது. உன் அம்மா கொடுத்தார். அதன் பட்டையில் இன்னும் உன் தலையெண்ணெய் வாசனை இருக்கிறது. வாசலில் சரக்கு லாரிகள் ஹாரன் அடித்து உயிரை வாங்குகின்றன. எனக்கோ உன்னைப் பற்றி எழுதும் வேலை பாக்கி.

நாம் பழகியதே சண்டையில்தான். இணையக் கலைக்களஞ்சியத்தில் இராயபுரத்தைப் பற்றி நான் எழுதியதில் இருந்த 'புகழ்பெற்ற', 'சிறப்புமிக்க' எல்லாவற்றையும் யாரோ அழித்திருந்தார்கள். யாரடா அது என்று தேடினால், வியாசர்பாடியிலிருந்து நீ. எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். சரக்கைப் புகழாமல் எனக்கு விற்க வராது. நீயோ கன்டெய்னரின் எண்ணும் பூட்டு முத்திரையும் சரியா என்று பார்க்கிறவன். கண்ணால் பார்க்காததை எழுத மாட்டாய்.

என் மகளுக்கும் உன்னைப் போல ஆட்டிசம். அந்தச் சொல்லைத் தேடினாலே 'குணமாக்குகிறோம்' என்று விளம்பரமாக வந்து விழும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வேலை கொடுங்கள் என்று மேடை மேடையாகப் பேசும் உன்னைப் பற்றி ஒரு பக்கம் இருந்தால் என்னைப் போன்ற தாய்க்கு எவ்வளவு தெம்பு! உன்னிடம் சொல்லாமலே எழுதினேன். 'ஆட்டிசத்தை வென்றவர்' என்று முதல் வரி. நீ கடைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் பருப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டு கேட்டாய்: "யக்கா, நான் அதோட சண்டையே போடலியே. இன்னாத்த ஜெயிச்சேன்?"

சொல்லை எடுத்தேன். அதோடு விட்டாயா? பக்கத்தை நீக்கலாமா என்ற உரையாடலில் முதல் ஆளாக நீயே எழுதினாய்: 'இது என்னைப் பற்றியது. ஒரே ஒரு செய்திதான் சான்று. தனிப் பக்கம் வைக்கும் அளவுக்குக் குறிப்பிடத்தக்கமை போதாது. நீக்கலாம்.' நீக்கிவிட்டார்கள். ஒரு வாரம் நான் உன்னோடு பேசவில்லை. இதே குறைக்காக வேறொருவர் பக்கத்தையும் நீ நீக்கச் சொல்லியிருந்தாய். "அவுங்களுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமாக்கா?" என்றாய்.

மூன்று நாள் காய்ச்சலில் நீ போனாய். இரண்டு நாளிதழ்கள் உன்னைப் பற்றி விரிவாக எழுதின. உயிரோடு இருந்தபோது கிடைக்காத சான்று. ஆத்திரத்தில் இரண்டையும் கசக்கி எறிந்துவிட்டு, மறுபடி எடுத்து நீவி வைத்தேன். இரண்டிலும் 'வென்றவர்' இருந்தது.

போன வாரம் உன் பக்கத்தை மீண்டும் எழுதி, உன்னை அறிந்தவள் நான் என்பதையும் சொல்லி, மற்றவர்கள் சரிபார்க்க வைத்தேன். நாளிதழில் உள்ள 'வென்றவர்' ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டார். அது தகவல் அல்ல, புகழ்ச்சி என்று பதில் போட்டேன். எழுதியது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

உனக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மகளைப் பற்றி யார் கேட்டாலும் இப்போது கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை. ஆட்டிசம் உள்ள பெண், மழையென்றால் உயிர், கூட்டம் ஆகாது என்கிறேன்.

பக்கம் இனி நிற்கும் என்று இன்று முடிவாகிவிட்டது. ஒரே ஒரு பிழையைத் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரியில் 'பேசிவருகிறார்' என்றே விட்டிருக்கிறேன்.

'பேசிவந்தார்' என்று மாற்ற வேண்டும். இதற்கு மட்டும் யாராவது வந்து, சான்று போதாது என்று சொல்ல மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. நீயாக இருந்தால் மாற்றியிருப்பாய்.

மாற்றிவிட்டேன், தம்பி.