அப்பாவின் கடனை அடைத்த கதை

6-11-05, ஞாயிறு
விடாத மழை. குயிலாப்பாளையத்திலிருந்து முதல் பஸ் பிடித்து மரக்காணம். புடவை முழங்கால் வரை ஈரம். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து, அப்பாவுக்கு பீடி (ஒரு கட்டுதான்). கூரை இரண்டு இடத்தில் ஒழுகல்.

இனி இவர்கள் வரவு செலவு என் பொறுப்பு. மளிகை பாக்கி, ரேஷன், அம்மாவின் சீட்டு, எல்லாம் பரவாயில்லை. உறுத்துவது ஒன்றுதான். தீபாவளிக்கு உப்பள மேஸ்திரியிடம் அப்பா வாங்கிய அட்வான்ஸ், இரண்டாயிரம். வருஷா வருஷம் மழைக்காலத்தில் வாங்குவார், தை பிறந்ததும் அளத்தில் இறங்கிக் கழிப்பார். அறுபத்தெட்டு வயதில், வெடித்த காலோடு, இன்னும் கடனா? வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸ் கணக்கையே கட்டி ஆள்கிறவள் நான். விடுவேனா.

7-11, திங்கள்
லீவு சொல்லியாச்சு. அப்பாவுக்குத் தெரியாமல் மேஸ்திரி வீட்டுக்குப் போய் என் சேமிப்பிலிருந்து முழுசாகக் கட்டிவிட்டேன். "அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்றார். தெரியும் என்று பொய். திரும்பும்போது கால் தரையில் பாவவில்லை. மத்தி மீன் வேறு வாங்கினேன்.

சாப்பிடும்போது சொன்னேன். அப்பா திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். மீன் அப்படியே தட்டில்.

8-11, செவ்வாய்
அடுப்பை ஊதிக்கொண்டே அம்மா விளக்கினாள். அட்வான்ஸ் வாங்கினவனுக்குத்தான் தையில் உப்பெடுக்கப் பாத்தி. திருப்பிக் கொடுத்தால் இனி வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

"கடன்னு நெனச்சியாடி? அவருக்கு வேல இருக்குதுன்றதுக்கு அதான் சாட்சி."

அளத்து ஓரம் பிறந்து வளர்ந்தவள் நான். அட்வான்ஸ் என்றால் தீபாவளிப் பலகாரம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கணக்குப் புலியாம்.

மதியம் அப்பா மேஸ்திரியைப் பார்க்கப் போய் உடனே திரும்பினார். பாத்தியை அனுமந்தை ஊர்க்காரர் ஒருத்தருக்குச் சொல்லிவிட்டார்களாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். பீடியைத் தொடவில்லை. எனக்கு வெட்கம். கொஞ்சம் கோபமும், முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று.

10-11, வியாழன்
தூறல். அப்பா இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபடி மேஸ்திரி வீடு. காலில் விழாத குறை. சொன்ன பாத்தியை மாற்ற முடியாது, உப்புக் குவியலுக்குக் காவல் வேலை உண்டு, ஆனால் அதற்கு அட்வான்ஸ் கிடையாது என்றார். பையிலிருந்து ஆயிரத்தை எடுத்து, உங்கள் கையால் அட்வான்ஸாகக் கொடுத்துவிடுங்கள் என்றேன். எண்ணிப் பார்த்து மடியில் செருகிக்கொண்டார்.

"பொண்ணு பணம்னு தெரிஞ்சா வாங்கமாட்டாரு. வாயத் தொறக்காத."

12-11, சனி
நல்ல வெயில். துணி காய்ந்தது. காலையில் மேஸ்திரி ஆள் அனுப்பியிருந்தார். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு போனார். வரும்போது அம்மாவுக்கு மல்லி, எனக்கு பக்கோடா. அட்வான்ஸில் மீதியை என் கையில் வைத்தார்.

"நீயே வச்சிக்கம்மா, கணக்கெல்லாம் நீதான பாக்குற. ஆனா இதயும் கொண்டுபோய் அடச்சிடாத."

சரிப்பா என்றேன்.