ஒரு வெடித் துவக்கு

நவம்பர் 3, ஞாயிறு

எத்தனையோ வருடங்களாக ஆசைப்பட்ட துவக்கை இன்று காலை வாங்கினேன். ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போடுகிற வேட்டைத் துவக்கு. வாங்கின கையோடு, என்னோடு வேலை செய்கிற லூக் நகரத்துக்கு வடக்கே சுட்டுப் பழகுகிற ஒரு சுடுகளத்துக்குக் கூட்டிப்போனான். கடைசி வெடி குறிக் காகிதத்தின் நடுவில் பட்டது. லூக் முதுகில் தட்டினான். எனக்குத் தோள் நொந்தது, காதுக்குள் இரைந்தது. நினைத்த சந்தோஷம் வரவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து துவக்கைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் என் மனைவி வதனி சந்தனப் பொட்டு வைப்பாள். காருக்கும் வைத்தாள், மைக்ரோவேவுக்கும் வைத்தாள். இன்றும் சாமியறையிலிருந்து சந்தனக் கிண்ணத்தோடுதான் வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"இதுக்குள்ளை எத்தினை குண்டு போடலாம்?"

அவள் கேட்டதே எனக்குப் புளுகம், மனம் குளிர்ந்துவிட்டது.

"ஒண்டுதான். அதுதான் இதின்ரை திறம். ஒரு வெடியிலை விழுத்தோணும்."

"என்ரை தம்பிக்கும் ஒண்டுதானே பட்டது. அதிலை விழுந்தவன்தான்."

ஊரில் சண்டைக் காலத்தில் செத்த அவனுடைய மாலை போட்ட படத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அப்படியிருந்தும் வாய்தான் முந்திக்கொண்டது.

துவக்கை பேஸ்மென்ட் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பின்னாலேயே வந்து நின்றவள், சாவித் துவாரம் மூடுபட அந்தச் சந்தனத்தை அப்பிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மான் வேட்டைக்கு வரச்சொல்லி லூக் மெசேஜ் போட்டிருக்கிறான். சாவி என்னிடம்தான் இருக்கிறது. சந்தனம் இப்போது காய்ந்திருக்கும்.