அமெரிக்க அரசு எதிர் கிருபாராணி ஜெபதாஸ்

பிப்ரவரி 9, 1985, சனி

சர்ச்சில் பெண்கள் சங்கத்துச் செடி விற்பனை. நான் பன்னிரண்டு கறிவேப்பிலைக் கன்றுகள் கொண்டுபோனேன், காபி தம்ளர்களில். மற்றவர்கள் தக்காளி, ரோஜா என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு தம்ளரிலும் தாவரவியல் பெயரும் குடும்பமும் எழுதி ஒட்டியிருந்தேன்: முர்ராயா கோனிகி, ரூட்டேசி. பாளையங்கோட்டையில் பதினோரு வருஷம் பி.எஸ்ஸி. மாணவர்களுக்கு வகைப்பாட்டியல் நடத்தியவன் பெயர்ச்சீட்டு இல்லாத செடியை மேசையில் வைக்க மாட்டான்.

பன்னிரண்டும் போய்விட்டன. சாண்டா ரெமிடியா என்ற இந்தச் சின்ன அமெரிக்க ஊரில் ஆறு வருஷமாக எனக்குப் பெயர் ‘டாக்டரின் புருஷன்’. இன்று ஒருத்தர் ‘புரொஃபஸர்’ என்றார். வீடு வந்து சேர்வதற்குள் அதை என் மனைவி ராணியிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவள் ரேடியோவைப் போட்டாள்.

பிப்ரவரி 11

கொல்லையில் பெரிய கறிவேப்பிலைச் செடிக்கு உரம் வைத்தேன். ரசம் நன்றாக வந்தது.

பிப்ரவரி 20, புதன்

விவசாய இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். கவுண்டி ஆள், அதாவது மாவட்டத்து ஆள், இல்லை; ஃபெடரல், மத்திய அரசு ஆள். பெயர் டாட்ஸன். ராணி ஆஸ்பத்திரியில் இருந்தாள். உட்காரச் சொல்லி காபி கொடுத்தேன். என் தம்ளர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். செடியின் பெயரைத் தப்பாகப் படித்தார். திருத்தினேன்.

“இது என்ன குடும்பம்?” என்று கேட்டார்.

“ரூட்டேசி. எலுமிச்சை, ஆரஞ்சு, உங்கள் ஊர் கிரேப்ஃப்ரூட், எல்லாம் இதே குடும்பம்” என்றேன். அவர் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

எங்கிருந்து வந்தது என்றார். ஹூஸ்டனில் பிச்சுமணி என்று ஒரு நண்பர் கொடுத்தார் என்றேன்.

பொய். இங்கேயாவது உண்மையை எழுதிவைக்கிறேன். போன ஜூனில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கன்றையும் ஒரு கைப்பிடி பழத்தையும் ஈரத்துணியில் சுற்றி ராணியின் பெட்டியில் வைத்தேன், அவள் புடவைகளுக்கு நடுவில். அந்தக் கன்றுதான் கொல்லையில் இருக்கும் பெரிய செடி; தம்ளர் கன்றுகள் அந்தப் பழக் கொட்டைகளில் முளைத்தவை. லேடி டாக்டர் பெட்டியைத் திறக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. அவளிடம் சொல்லவில்லை. வீட்டில் செடியைப் பார்த்தபோது அவளுக்கும் பிச்சுமணி கதைதான். விமானத்தில் சுங்கத் தாள் குடும்பத்துக்கு ஒன்று கொடுத்தார்கள். செடி, விதை, பழம் ஏதாவது உண்டா? இல்லை என்று போட்டுக் கையெழுத்தும் போட்டாள். பேனா அவளிடம் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

மார்ச் 1, வெள்ளி

நான்கு பேர் வந்து கொல்லையைக் காலி செய்தார்கள். பெரிய செடி, நாற்றுச் சட்டிகள், எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் இரண்டு கிரேப்ஃப்ரூட் மரங்களும். குழி வெட்டிக் கொளுத்தினார்கள். புகையில் தாளித்த வாசனை வந்தது. இதை யாரிடமும் சொல்லக்கூடாது.

மார்ச் 3, ஞாயிறு

சர்ச் வாசலில் மிஸஸ் லிண்ட்குவிஸ்ட் என்னை நிறுத்தினார். தம்ளரைப் படித்துவிட்டு இலாகாவுக்குப் போன் செய்தது அவர்தானாம். மறைக்கவில்லை. எண்பத்து மூன்றாம் வருஷக் கிறிஸ்துமஸ் உறைபனியில் அவருடைய நாற்பது ஏக்கர் கிரேப்ஃப்ரூட்டும் செத்துப்போனது. மறுபடி நட்டது இப்போது முழங்கால் உயரம். ஃப்ளோரிடாவில் நோய் வந்து நாற்றுப் பண்ணைகளைக் கொளுத்திக்கொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அதே குடும்பத்துச் செடி எதிலும் அப்படி ஒரு நோய் ஒட்டிக்கொண்டு வரலாம். “தெரியாதவன் செய்தால் வேறு. நீ குடும்பப் பெயரையும் எழுதி ஒட்டினாயே” என்றார்.

வெட்கமாக இருந்தது.

மார்ச் 13, புதன்

குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. கொட்டை எழுத்தில்: அமெரிக்க அரசு எதிர் கிருபாராணி ஜெபதாஸ். இருபத்து மூன்று கோடிப் பேர் ஒரு பக்கம், ராணி மறு பக்கம். குற்றம் இரண்டு. சுங்கத்தில் பொய் சொன்னது, கடத்தல்; ஆதாரம் அவள் கையெழுத்துப் போட்ட அந்தச் சுங்கத் தாள். என் பெயர் எங்கும் இல்லை, அவள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தவிர.

சாயந்திரம் பிச்சுமணி போன் செய்தார். “மன்னிச்சுக்கோங்கோ ஜெபதாஸ். அந்த டாட்ஸன் ஆத்துக்கே வந்து நின்னுட்டான். நேக்குப் பொய் வரலை. நீங்கதான் தீபாவளிக்கு ரெண்டு கன்னு கொண்டுவந்து தந்தேள்னு சொல்லிட்டேன்.”

பரவாயில்லை என்றேன். ராணி பக்கத்தில் நின்றாள். என்னவென்று கேட்டாள். அவர் நமக்குக் கொடுக்கவே இல்லை என்கிறார் என்றேன். இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதுதான் கேவலம்.

“பயந்து பல்டி அடிச்சிட்டாரு” என்றாள் ராணி. “எத்தன தடவ நம்ம வீட்ல வந்து சாப்பிட்டிருக்காரு! நல்ல மனுசன்னு நெனச்சேன்.”

நான் தலையாட்டினேன்.

மார்ச் 19, செவ்வாய்

வக்கீல் ப்ரூவரின் ஆபீஸ் தீவனக்கடைக்குப் பின்னால். மாடு திருட்டு, வேலித் தகராறு, குடித்துவிட்டு ஓட்டியது, இதெல்லாம் அவருடைய துறை. ஃபெடரல் கேஸ் இதற்குமுன் ஒன்று நடத்தியிருக்கிறார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த ஆள் மாதாமாதம் கடிதம் போடுகிறான் என்றார். எங்கிருந்து என்று கேட்கவில்லை.

கிரிமினல் குற்றம் உறுதியானால் ராணியின் டாக்டர் லைசென்ஸ் போகும். கிரீன் கார்டும் போகலாம். தீர்ப்பு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கவுண்டியில் பிரசவம் பார்க்க வேறு டாக்டர் இல்லை.

ப்ரூவரின் திட்டம் எளிமையானது. பிச்சுமணியைக் கூண்டில் ஏற்றிப் பொய்யர் என்று நிரூபிப்பது. “உங்கள் கணவர்தான் முக்கிய சாட்சி” என்று ராணியிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள், நம்பிக்கையோடு. மேசையில் பசு வடிவத்தில் ஒரு பேப்பர்வெயிட் இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

மார்ச் 26

ராணி அலமாரிகளைத் துடைத்தாள். நேற்றும் துடைத்தாள்.

மார்ச் 30, சனி

ஜூடித்துக்கு ஒன்பது வயது. நாங்கள் தமிழில் பேசுவதெல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷ். “அப்பா, இஸ் பிச்சுமணி அங்கிள் அ லையர்?” என்று கேட்டாள்.

வீட்டுப்பாடத்தை முடி என்றேன். முடித்துவிட்டாளாம்.

ஏப்ரல் 5, புனித வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஆராதனை முடிந்து வந்து வெள்ளைப் புடவையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ராணி, பிச்சுமணி பொய் சொல்லல, நான்தான்— அப்படித்தான் தொடங்கினேன். பாதியில் வாய் குழறியது. உன் பெட்டியில, உன் புடவைக்கு நடுவுல— என்ன மனுஷன் நான்? பத்து மாசம் அவளிடம், டாட்ஸனிடம், ப்ரூவரிடம் ஒரே பொய்யை மூன்று பாத்திரத்தில் ஊற்றி வைத்திருந்தேன். கூண்டில் ஏறி நாலாவதிலும் ஊற்றியிருப்பேன். பிச்சுமணி பொய்யராகட்டும், நாம தப்பிச்சா போதும்னு இருந்தேனே. எதுக்கு? ஒருத்தன் புரொஃபஸர்னு கூப்பிடணும்னு.

கடைசிவரை கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்றுதான் சொன்னாள். “அன்னிக்கு பிளேன்ல எங்கிட்ட சொல்லியிருந்தா நான் ‘ஆமா’ன்னு போட்டிருப்பேன்லா? செடியத்தான் எடுத்திருப்பாங்க. வேற என்ன செஞ்சிருப்பாங்க?”

வேறு ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 6

பிச்சுமணிக்கு அவளே போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் பேசவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

ப்ரூவரிடம் போய் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். “நான் உன் மனைவியின் வக்கீல். நீ இப்போது சொல்லவருவது அவளுக்கு நல்லது, உனக்குக் கெட்டது. முதலில் உனக்கென்று ஒரு வக்கீலைப் பிடி” என்றார். மாட்டு வக்கீல் என்று நினைத்த மனிதர். அடுத்த ஊரில் ஒரு பெண் வக்கீலின் நம்பரையும் கொடுத்தார்.

ஏப்ரல் 11, வியாழன்

டாட்ஸனிடம் வாக்குமூலம் கொடுத்தேன். என் வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இது என்ன குடும்பம் என்று கொண்டுவரும்போதே தெரியுமா என்று கேட்டார் டாட்ஸன். பதினோரு வருஷம் பாடம் நடத்தினேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இந்தத் தடவை அவர் காபி கொடுத்தார்.

ஏப்ரல் 24, புதன்

ராணி மேலிருந்த வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்கள். இனி அமெரிக்க அரசு எதிர் நான். ஆஸ்பத்திரியிலிருந்து உடனே கூப்பிட்டார்கள், அவளும் உடனே போனாள். மத்தியானம் ஒரு பெண் குழந்தையாம், ஏழரைப் பவுண்டு. ஜூடித்திடம் சொல்வதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மே 9

சமையல் செய்கிறேன், சாப்பிடுகிறாள். ‘உப்பு’ என்றாள். நகர்த்தினேன். இந்த வாரத்துப் பேச்சு இவ்வளவுதான்.

மே 21, செவ்வாய்

என் வக்கீலம்மா பேசி முடித்திருக்கிறார். கடத்தலை விட்டுவிடுவார்கள். சிறு குற்றம் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கிரீன் கார்டுக்கு ஆபத்து இருக்காதாம். ஆனால் ஜெயிலா இல்லையா என்பது ஜட்ஜ் கையில். ஒரு வருஷம்வரை போடலாம். வீட்டிலிருந்து யாராவது எனக்காக இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் உதவும் என்றார்.

ராணியிடம் கேட்க எனக்கு முகமில்லை. வக்கீலம்மாவே கேட்டார். “வாரேன். ஆனா கேட்டதுக்குத்தான் பதில் சொல்லுவேன்” என்றாளாம்.

ஜூன் 14, வெள்ளி

கோர்ட் தபால் ஆபீஸ் மாடியில். ஜட்ஜ் மாதம் இரண்டு நாள் வருவார். எனக்கு முன்னால் மூன்று கேஸ், ஒவ்வொன்றும் பத்து நிமிஷம். மனிதருக்குச் சளி பிடித்திருந்தது.

மிஸஸ் லிண்ட்குவிஸ்டையும் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு கன்றையும் தேடிப் பிடித்துச் சோதித்துவிட்டார்கள், நோய் இல்லை, என்றாலும் முடிவு தெரியும்வரை மூன்று வாரம் தனக்குத் தூக்கமே இல்லை என்றார். அவர் சொன்னது அத்தனையும் நியாயம்.

பிறகு ராணி. பைபிளில் கை வைத்தாள். என் வக்கீலம்மா நல்லபடியாகத்தான் கேட்டார். நல்ல தகப்பன், ஆமாம். வீட்டு வேலை முழுக்க அவர்தான், ஆமாம். நன்றாகச் சமைப்பார், ஆமாம். அப்போது ஜட்ஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டு தானாகவே ஒன்று கேட்டார்: “டாக்டர், நீங்கள் இவரை நம்புகிறீர்களா?”

ராணி தலையைக் குனிந்தாள். பிரார்த்தனைக்குக் குனிவதுபோல இருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது.

“இன்னும் இல்லை, சார்” என்றாள்.

என் வக்கீலம்மாவின் பேனா கீழே விழுந்தது. போச்சு, ஜெயில்தான் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் ஜெயில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். இருபது வருஷத்தில் இந்தக் கேள்விக்கு எல்லா மனைவிமாரும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், பாதிப் பேரின் புருஷன் திரும்பவும் இங்கே வந்து நிற்கிறான் என்றார். இந்த ஆளுக்கு அரசாங்கக் கண்காணிப்பு அவ்வளவாகத் தேவைப்படாது, வீட்டிலேயே இருக்கிறது என்றார். ஜெயில் இல்லை. இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு.

காரை அவள்தான் ஓட்டினாள். இரண்டு பக்கமும் மிஸஸ் லிண்ட்குவிஸ்டின் கன்றுகள், எல்லாம் பச்சையாக நின்றன. அதைத் தாண்டியதும் கேட்டாள்.

“ஜட்ஜ் எத்தன வருசம்னு சொன்னாரு?”

கோர்ட்டில் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“ரெண்டு.”

“அவருக்கு அது போதுமா இருக்கும்” என்றாள். “எனக்குப் பத்தாது.”

சரி என்றேன். ஜூடித்தைப் பள்ளித் தோழி வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு ஐந்து மணிக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்தோம்.