முன்வரிசையில் நீ இருந்தாய்

சோழவந்தான்
14-2-1938

அன்புள்ள மச்சானுக்கு,

கூட்டம் முடிந்து மந்திரியின் காருக்குப் பக்கத்தில் நின்று, "பேச்சு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். "நல்லா இருந்துச்சு" என்றேன். மந்திரி அப்படிச் சொல்லவில்லையே என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். உங்கள் சட்டைக் கழுத்து வியர்வையில் ஊறிக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

மந்திரி தெலுங்கு தேசத்துக்காரர். தமிழ் தெரியாமல் இங்கிலீஷில் பேசினார். நம் ஊர்ப் பெண்களுக்கு நீங்கள் தமிழில் சொன்னதுதான் மந்திரி சொன்னது. ஆனால் இங்கிலீஷ் தெரிந்த எனக்கு இரண்டும் காதில் விழுந்தன. சர்க்கார் காகிதங்கள் இனி ஜனங்களின் பாஷையிலேயே வரும் என்றார். அதை அழகாகச் சொன்னீர்கள். அந்தச் செலவுக்காகப் பிள்ளைகள் குறைந்த பெண் பள்ளிகளை மூடி ஆண் பள்ளிகளோடு சேர்ப்போம், இந்த ஊர்ப் பள்ளியும் அதில் ஒன்று என்றார். நீங்களோ, "பள்ளிக்கூடங்களச் சீர்படுத்தப் போறோம், இந்த ஊர்ப் பள்ளிக்கூடமும் அதுல ஒண்ணு" என்றீர்கள்.

பெண்கள் குலவை போட்டார்கள். மந்திரி உங்கள் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் மாயக்காள் அத்தை, இரண்டு மகள்களை என்னிடம் படிக்க அனுப்புகிறவள், பள்ளிக்கு ஓடு போடுவார்களா என்று தினமும் கேட்கிறாள். நான் பேச்சை மாற்றுகிறேன். வயசுக்கு வரப்போகும் பெண்ணை ஆண் பள்ளிக்கு இங்கே யார் அனுப்புவார்கள்? காகிதம் தமிழில் வந்து சேரும்போது அதைப் படிக்க அந்த வீடுகளில் யார் இருப்பார்கள்?

கோபம் இல்லை. இருமல் நின்றதா? சுக்குப்பொடி தீர்ந்திருந்தால் எழுதுங்கள்.

உங்கள்
சோலையம்மாள்


சென்னை
18-2-1938

என் சோலைக்கு,

சரியான வாக்கியம் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. முன்வரிசையில் நீ இருந்தாய். உன் மடியில் ஒரு சின்னப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. உன் பள்ளியை மூடப் போகிறார்கள் என்பதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அம்புட்டுப் பேர் நடுவில் என் வாயால் சொல்ல முடியவில்லை. தனியே சொல்லலாம் என்று நினைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அது என்ன சத்தம் என்று மந்திரி கேட்டார். நல்ல காரியத்துக்குப் பெண்கள் போடுவது என்றேன். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். நேற்று, 'சோழவந்தானில் பெண்களே இத்திட்டத்தை மங்கல ஒலியோடு வரவேற்றார்கள். அங்கிருந்தே தொடங்கலாம்' என்று எழுதிக் கொடுத்தார். அதை நகல் எடுத்தவனும் நான்தான்.

அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தால் மின்விசிறியைத் தானே நிறுத்திவிட்டுப் போகிறவர். ஆனால் உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். பேச்சை மாற்றிச் சொன்ன மொழிபெயர்ப்பாளனை வேறு எந்த ஆபீசிலும் சேர்க்க மாட்டார்கள். நான் என்ன செய்யட்டும், சொல்.

நல்லகாமன்


சோழவந்தான்
21-2-1938

அன்புள்ள மச்சானுக்கு,

என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். பள்ளியும் என்னுடையது, நீங்களும் என்னுடையவர். என் பதில் நியாயமாக இருக்காது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் பழைய கடிதங்களை நேற்று எடுத்துப் படித்தேன். சுகமாக இருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது, உன்னை நினைக்காத நாளில்லை. எல்லாவற்றையும் நம்பித்தான் இருந்தேன். இப்போது, இதில் எனக்காக இனிப்பாக்கிச் சொன்னது எது என்று தேடுகிறேன். அப்படித் தேடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கெட்ட செய்தியையும் என் முகத்தைப் பார்த்தே சொல்லுங்கள். தாங்கிக்கொள்வேன்.

சோலை


சென்னை
1-3-1938

என் சோலைக்கு,

சொல்லிவிட்டேன். மந்திரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "முன்வரிசையில் இருந்தது உன் மனைவியா?" என்றார். ஆமாம் என்றேன்.

"நான் சொன்னதே அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு அவர்கள் பதில் எனக்கு எப்படி வரும்? நீயே போய்ச் சொல். அவர்கள் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டு வா" என்றார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வாரேன். பெண்களைக் கூட்டி வை. நீ பின்வரிசையில் உட்கார்ந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

நல்லகாமன்


சோழவந்தான்
9-7-1938

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நம் ஊரை மட்டும் விட்டுவிடச் சொல்லி மந்திரி கேட்டுப் பார்த்ததையும், வரவுசெலவுத் திட்டம் நிறைவேறிவிட்டது, இனி முடியாது என்று மேலிடத்தில் அவருக்கே மறுத்துவிட்டதையும், உங்களை மொழிபெயர்ப்பிலிருந்து நகல் எழுதும் பிரிவுக்கு இறக்கியதையும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். ஒரு சமாதான வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அழுதேன். ஆனாலும் மனது நிறைந்திருந்தது. இனி நீங்கள் சுகம் என்று எழுதினால் சுகம் என்றே எடுத்துக்கொள்வேன்.

மார்ச்சில் நீங்கள் வந்து உண்மையைச் சொன்ன அன்று நான் முன்வரிசையிலேயே உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. மாயக்காள் அத்தை உங்களைக் கேட்டதைக் கொடிக்காலில் இன்னும் சொல்லிக் காட்டுகிறாளாம்: "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே வைஞ்சிருப்போம்ல, மாப்ள. குலவைய வேற வீணாக்கிப்புட்டீகளே." மந்திரிக்கு அதையும் எழுதிக் கொடுத்தீர்களா?

ஜூலை முதல் தேதி பள்ளியை மூடினார்கள். என்னிடம் படித்த முப்பது பேரில் ஒன்பது பேர் ஆண் பள்ளிக்கு வருகிறார்கள். அத்தையின் இளையவள் வருகிறாள். மூத்தவள் அம்மாவோடு வெற்றிலை கிள்ளப் போகிறாள். எனக்கும் அங்கே இரண்டாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள்
சோலை