ஓர் ஆள் குறையும் ஆட்டம்

இஞ்சேருங்கோ,

கோட்-டெ-நெய்ஜ் பக்கம் உங்கள் அண்ணை வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? பிரஷர் குளிசையை விட்டுவிடாதீர்கள்.

மகள் றொஷினியின் கலியாணத்துக்கு வாசிக்கப்போகும் ஐரிஷ் பாண்டுக்காரர்கள் நேற்று வந்து, எந்தப் பாட்டு, எந்த ஆட்டம் என்று கேட்டார்கள். நீங்கள் வழக்கமாகப் பாடும் பைலாப் பாட்டை நான் பாடிக் காட்டினேன். வயலின்காரி உடனே வாசித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாரின் ஐரிஷ் ஜிக் ஆட்டத்துக்கும் இதே தாளம்தானாம். அதையே வட்ட ஆட்டத்துக்கு வைத்துவிட்டோம்.

அந்த ஆட்டத்தில் ஆண்கள் நின்ற இடத்திலேயே நிற்க, பெண்கள் ஒவ்வொரு சுற்றும் அடுத்தவரிடம் நகர வேண்டும். இரண்டு வீட்டாரையும் எண்ணிப் பார்த்தோம். ஆண்களில் ஒருவர் குறைந்தார். என் தம்பியைக் கூப்பிடுவோம் என்றேன். றொஷினி மறித்தாள்.

"வேண்டாம் அம்மா. அந்த இடம் வெறுமையாக் கிடக்கட்டும்."

"உன்ர முறை வரேக்க என்ன செய்வாய்?"

"கையை நீட்டிக்கொண்டு நிப்பன்."

"சனம் சிரிக்கும், பிள்ளை."

"சிரிக்கட்டும்."

பாண்டுக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "எனக்கு இனிப் பிள்ளை இல்லை" என்று வாசலில் நின்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை, அவர்களுக்கு நான் எந்த மொழியில் சொல்வது?

உங்கள் கறுப்புக் கோட்டை அயன் பண்ணி அலுமாரியில் கொழுவியிருக்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்குச் சேர்ச்சில் கலியாணப் பூசை. உங்களைக் கெஞ்ச இதை எழுதவில்லை.

வட்டத்தில் அவளுக்கு முன்னால் ஆடுவது நான். அந்த வெறும் இடத்துக்கு முதலில் போய்க் கையை நீட்டப்போவதும் நான்தான்.

இப்படிக்கு,
அவளின் அம்மா