வருகைப் பாடலுக்கு அப்பாவின் வயலின்

கண்ணம்மா,

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சாந்தோம் டெய்லர் தைத்த உன் கல்யாண பிளவுஸுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன்.

நேற்று மாதா கோயில் பாட்டுப் பயிற்சியில் அப்பாவின் வயலின் மட்டும் சுருதி விலகி ஒலித்தது. அவருக்குத் தெரியவில்லை. கீபோர்டு வாசிக்கும் லாய்ட் சட்டென்று, "சாரி அங்கிள், டிரான்ஸ்போஸ் போட்டத எடுக்க மறந்துட்டேன், ஸ்கேல் மாறிடுச்சு" என்றான். அந்த டிரான்ஸ்போஸ் பட்டனில் விளக்கே எரியவில்லை; அவன் அதைப் போடவே இல்லை. நான் பார்த்தேன்.

"இந்த லாய்டு திருந்தவே மாட்டான்" என்று வீட்டுக்கு வந்தும் சிரிக்கிறார். டிவியை அவர் அவ்வளவு சத்தமாக வைப்பதற்காக இப்போதெல்லாம் நான் அவரோடு சண்டை போடுவதில்லை.

உன் கையைப் பிடித்து வரச் சித்தப்பா போதுமாம். வருகைப் பாடலை இவரே தனியாக வாசிக்கப் போகிறாராம். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் சொல்லாதே.

நீ பீடத்துக்கு வந்ததும் வாசிப்பு நின்றுவிடும். கொஞ்சம் வேகமாக நடந்து வா, கண்ணு.

உன் அம்மா